ஃபியூஸ் மட்டும் மாற்றினால் போதுமா? – பவர் சப்ளை கேள்வி பதில்

டி.வி., கம்ப்யூட்டர், செட்டாப் பாக்ஸ், வைஃபை ரவுட்டர் என்று எதைப் பற்றி எழுதியிருந்தாலும், இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடைசியில் பவர் சப்ளையில்தான் வந்து நிற்கின்றன. பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பதில்களுக்குப் போகும் முன் ஒன்று சொல்லியாக வேண்டும். பிளக்கைப் பிடுங்கியதும் ஆபத்து போய்விடாது. 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யாக்கினால் ஏறக்குறைய 325 வோல்ட் வரும். போர்டில் இருப்பதிலேயே பெரிய கெபாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும். நல்ல செட்டில் அது சீக்கிரமே இறங்கிவிடும். பழுதான செட்டில் அதை இழுக்க ஆளில்லை என்பதால் பல நிமிடங்கள், சில சமயம் அதற்கும் மேல் அப்படியே நிற்கும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு கால்களிலும் நல்ல இன்சுலேஷன் உள்ள வயரைப் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கெபாசிட்டரின் இரு முனைகளிலும் 30 விநாடி பிடித்துவிட்டு, மல்டிமீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பாருங்கள். பிறகு கை வையுங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்து 'பட்' என்று ஷார்ட் அடிக்கும் பழக்கம் கெபாசிட்டரையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து.

கேள்வி: கம்ப்யூட்டர் பட்டனை அழுத்தினால் எந்தச் சலனமும் இல்லை. கடையில் மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள். எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறதா என்று நாமே பார்க்க முடியுமா? – வாசகர், திண்டுக்கல்

முடியும். எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் சப்ளை பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் போதும்.

மதர்போர்டில் செருகியிருக்கும் 24 பின் கனெக்டரைக் கழற்றாமலேயே, மீட்டரின் கருப்பு முனையைக் கருப்பு வயரிலும் சிவப்பு முனையைப் பர்ப்பிள் நிற வயரிலும் (9ஆம் பின்) பின்பக்கமாகச் செருகிப் பாருங்கள். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் சுவிட்ச் போர்டில் கரண்ட் இருக்கும்வரை இங்கே 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இதுதான் ஸ்டாண்ட்பை சப்ளை. இது இல்லையென்றால் பட்டனை அழுத்திப் பயனில்லை. பூஜ்யம் காட்டினால் மெயினை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, 24 பின் கனெக்டரைக் கழற்றித் தனியாக அளந்து பாருங்கள். இப்போது 5 வோல்ட் வந்தால் எஸ்.எம்.பி.எஸ். நல்லது, போர்டில் ஏதோ ஒன்று அதைக் கீழே இழுக்கிறது. அப்போதும் வரவில்லையென்றால் எஸ்.எம்.பி.எஸ்.தான்.

5 வோல்ட் இருக்கிறது என்றால் அடுத்தது பச்சை வயர், 16ஆம் பின். அணைந்த நிலையில் இதில் சில வோல்ட் இருக்கும். பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு இதைப் பூஜ்யத்துக்கு இறக்கி, 'கிளம்பு' என்று எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குச் சொல்கிறது. அழுத்தியும் இறங்கவில்லையா? முதலில் பட்டனையே சந்தேகப்படுங்கள். அதன் வயர் போர்டில் செருகியிருக்கும் இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டுவிடுங்கள் (அங்கே குறைந்த வோல்ட்தான், பயமில்லை). கம்ப்யூட்டர் கிளம்பிவிட்டால் நூறு ரூபாய்கூட ஆகாத சுவிட்ச்தான் பழுது. இப்படி நல்ல மதர்போர்டுகள் குப்பைக்குப் போயிருக்கின்றன.

பச்சை வயர் இறங்குகிறது, ஃபேன் ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிடுகிறது என்றால், எங்கோ ஷார்ட் இருந்து எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் மெயினை அணைத்து, கிராஃபிக்ஸ் கார்டு, ஹார்டு டிஸ்க் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். கடைசியாக, பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் 4 அல்லது 8 பின் கனெக்டர். அதைக் கழற்றியதும் ஃபேன் நிற்காமல் சுற்றினால், போர்டில் பிராசசருக்குக் கரண்ட் கொடுக்கும் மாஸ்ஃபெட்டுகளில் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்கள்) ஒன்று ஷார்ட். அப்போது கடைக்காரர் சொன்னது சரி.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாக ஓட்டிப் பார்க்க, கழற்றிய கனெக்டரில் பச்சையையும் பக்கத்துக் கருப்பையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு மெயினைப் போடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றையாவது லோடாக (கரண்டை இழுக்கும் பாரமாக) மாட்டிவையுங்கள். லோடு இல்லாமல் சில எஸ்.எம்.பி.எஸ்.கள் கிளம்பாது, கிளம்பினாலும் தப்பான அளவு காட்டும். மஞ்சள் 11.40–12.60, சிவப்பு 4.75–5.25, ஆரஞ்சு 3.14–3.47. ஐந்து சதவீதம் கூடக்குறைய அனுமதி, அவ்வளவுதான். நீலத்தில் மைனஸ் 12 வோல்ட். அதற்குப் பத்து சதவீதம் வரை விட்டுக்கொடுக்கலாம். சாம்பல் வயரை மறந்துவிடாதீர்கள். எல்லா வோல்ட்டும் நிலைபெற்றதும், 0.1 முதல் 0.5 விநாடிக்குள் இதில் 5 வோல்ட் வர வேண்டும். இது வராதவரை மதர்போர்டு பிராசசரை எழுப்பாது. மற்ற வயர்கள் எல்லாம் சரி, ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை என்ற பழுதுகளில் பலரும் பார்க்கத் தவறும் இடம் இந்தச் சாம்பல் வயர்தான்.

இந்த ஓட்டத்தில் எல்லாம் சரியாகக் காட்டுவதால் மட்டும் எஸ்.எம்.பி.எஸ். முழுக்க நல்லது என்று முடிவு கட்டிவிட முடியாது. கேம் விளையாடும்போது மட்டும் அணைந்துபோகிறது என்றால், அந்த நேரத்திலேயே மஞ்சள் வயரில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 11.4க்குக் கீழே போனால் சந்தேகமே வேண்டாம்.

சில கம்பெனி டெஸ்க்டாப்களில் 24 பின்னுக்குப் பதில் 6 அல்லது 10 பின் கனெக்டர் இருக்கும். அவற்றுக்கு மேலே சொன்ன நிற வரிசை பொருந்தாது.

கேள்வி: 32 அங்குல எல்.இ.டி. டி.வி. செத்துக் கிடந்தது. ஃபியூஸ் போயிருந்தது. புதிதாகப் போட்டதும் அதுவும் போய்விட்டது. கொஞ்சம் பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடலாமா? – வாசகி, தஞ்சாவூர்

வேண்டவே வேண்டாம். இரண்டாவது ஃபியூஸும் போனது என்றால் அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. பெரிய ஃபியூஸோ, ஃபியூஸைச் சுற்றிச் சிகரெட் டப்பா ஃபாயிலோ போட்டால் அடுத்து எரியப்போவது போர்டின் தாமிரப் பட்டைகள்.

போன ஃபியூஸின் கண்ணாடியை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கம்பி நடுவில் மெல்லியதாக அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால், வயதாகிப் போயிருக்கலாம், அல்லது ஒரு தடவை வந்த சர்ஜ் (திடீர் வோல்ட் ஏற்றம்). கண்ணாடியின் உள்பக்கம் கருகியோ, வெள்ளிப் பூச்சுப் போலப் பளபளத்தோ இருந்தால் நேரடி ஷார்ட். உங்களுடையது அநேகமாக இரண்டாவது வகை.

கெபாசிட்டரை இறக்கிவிட்டுத் தேட ஆரம்பியுங்கள். மீட்டரை டயோடு டெஸ்ட்டில் வைத்து, பெரிய கெபாசிட்டரின் இரு முனைகளிலும் முனையை மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் பீப் அடித்தால் சுவிட்சிங் மாஸ்ஃபெட் ஷார்ட் என்று பத்துக்கு எட்டு தடவை சொல்லிவிடலாம். மீதிக்கு அந்தக் கெபாசிட்டரே காரணமாக இருக்கும். அங்கே ஷார்ட் இல்லை, ஆனால் ஃபியூஸைத் தாண்டி ஏ.சி. வரும் இரண்டு பாதைகளுக்கு நடுவே பீப் அடிக்கிறது என்றால், நீல நிற வட்டத் தகடு போலிருக்கும் வேரிஸ்டர் (அதிக வோல்ட்டிலிருந்து காப்பது), மஞ்சள் பெட்டி வடிவ எக்ஸ்2 கெபாசிட்டர், ஏ.சி.யை டி.சி.யாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் இந்த மூன்றில் ஒன்று. பிரிட்ஜின் உள்ளே நான்கு டயோடுகள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் 0.45 முதல் 0.6 வரை காட்ட வேண்டும், மறுபக்கம் ஒன்றும் காட்டக் கூடாது.

மாஸ்ஃபெட்தான் என்று தெரிந்தால், அதைக் கழற்றி வெளியே வைத்து நடுக்காலுக்கும் கடைசிக் காலுக்கும் இடையே உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிறார்கள். மாஸ்ஃபெட் தனியாகச் சாகாது. அது ஷார்ட் ஆகும் அந்தக் கணத்தில் 300 வோல்ட்டும் மற்ற இரண்டு கால்கள் வழியாகப் பாய்ந்துவிடும். கடைசிக் காலிலிருந்து மைனஸுக்குப் போகும் 0.2 முதல் 0.5 ஓம் வரையிலான ரெசிஸ்டர் அறுந்து ஓப்பன் ஆகியிருக்கலாம். முதல் காலுக்கு வரும் 10–47 ஓம் ரெசிஸ்டரும், அதோடு இருக்கும் சின்ன டயோடும் போயிருக்கலாம். அவற்றுக்குப் பின்னால் மாஸ்ஃபெட்டை இயக்கும் கண்ட்ரோல் ஐ.சி. இவை எல்லாவற்றையும் பார்க்காமல் புது மாஸ்ஃபெட் போட்டால் அரை விநாடியில் அதுவும் போகும். டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரிக்கு (மெயின் பக்கச் சுற்று) குறுக்கே இருக்கும் டயோடு, ரெசிஸ்டர், கெபாசிட்டர் மூன்றையும் அளந்துவிடுங்கள். சுவிட்ச் அணையும்போது எழும் கூர்மையான வோல்ட்டை விழுங்குவது இவைதான். இந்தக் கூட்டில் ஒன்று விட்டுப்போயிருந்தால் மாஸ்ஃபெட் போனதற்குக் காரணம் அதுவே.

மாற்றிய பிறகு நேராகக் கரண்ட் கொடுக்காதீர்கள். ஃபியூஸ் இருக்கும் பாதைக்குத் தொடராக 60 வாட் குண்டு பல்பு ஒன்றைப் போடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள பழைய பல்புதான் வேண்டும். போட்டதும் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கிவிட்டால் ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்றால் உடனே அணைத்துவிடுங்கள், இன்னும் ஷார்ட் இருக்கிறது. ஆனால் புது மாஸ்ஃபெட் பிழைத்துவிட்டது. பழைய டி.வி. மெக்கானிக்குகள் ஒவ்வொருவர் மேஜையிலும் இந்த சீரிஸ் பல்பு இருந்ததற்குக் காரணம் இருக்கிறது.

அளக்கும்போது இன்னொரு கவனம். டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தப் பக்கம் இருக்கும் மைனஸும் அந்தப் பக்கம் இருக்கும் கிரவுண்டும் வேறு வேறு. 300 வோல்ட்டை அளக்க மீட்டரின் கருப்பு முனை பெரிய கெபாசிட்டரின் மைனஸில் இருக்க வேண்டும். 12 வோல்ட்டை அளக்க செகண்டரி (வெளியீட்டுப் பக்கம்) கிரவுண்டில். பிரைமரியின் மைனஸ், மெயின் லைனோடு தொடர்புள்ளது. அதைத் தொட்டால் ஷாக் அடிக்கும்.

கேள்வி: ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, பெரிய கெபாசிட்டரில் 310 வோல்ட் இருக்கிறது, ஆனால் வெளியே ஒன்றும் வரவில்லை. காதை வைத்துக் கேட்டால் 'டிக் டிக்' என்று சத்தம். – வாசகர், கும்பகோணம்

அந்தச் சத்தம் நல்ல தடயம். கண்ட்ரோல் ஐ.சி. கிளம்பப் பார்க்கிறது, நிற்க முடியாமல் விழுகிறது, மறுபடி கிளம்பப் பார்க்கிறது. பரவலாகப் பயன்பட்ட யு.சி.3842 ஐ.சி.யை எடுத்துக்கொண்டால், அதன் சப்ளை காலில் 16 வோல்ட் ஏறியதும் வேலையைத் தொடங்கும், 10 வோல்ட்டுக்கு இறங்கினால் நிறுத்திவிடும். முதல் 16 வோல்ட்டை 300 வோல்ட்டிலிருந்து பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர்கள் மெல்ல மெல்ல ஏற்றிக் கொடுக்கின்றன. ஓட ஆரம்பித்த பிறகு டிரான்ஸ்ஃபார்மரின் தனிச் சுற்று ஒன்று, ஒரு டயோடு, ஒரு சின்னக் கெபாசிட்டர் இவை சேர்ந்து சோறு போடுகின்றன.

அந்தச் சின்னக் கெபாசிட்டர்தான் முதல் குற்றவாளி: 22 அல்லது 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். ஹீட் சிங்க்குக்குப் பக்கத்திலேயே நின்று காய்ந்துவிடும். தலை உப்பாது, கசியாது, பார்த்தால் புதிதுபோலவே இருக்கும். ஐந்து ரூபாய்ச் சாமான், யோசிக்காமல் மாற்றுங்கள். மாற்றியும் டிக் டிக் நிற்கவில்லையென்றால் செகண்டரிக்குப் போங்கள். அங்கே வெளியீட்டை டி.சி.யாக்கும் ஒரு ஷாட்கி டயோடு ஷார்ட் ஆகியிருந்தாலும் இதே சத்தம்தான் வரும்.

சத்தமே இல்லை, ஐ.சி.யின் சப்ளை காலில் வோல்ட்டும் இல்லை என்றால், மேலே சொன்ன ஸ்டார்ட் ரெசிஸ்டர்கள் ஓப்பன். 330 கிலோ ஓம் முதல் 1 மெகா ஓம் வரை மதிப்பில், பெரும்பாலும் இரண்டு மூன்று தொடராக இருக்கும். உயர் வோல்ட்டில் ஆண்டுக்கணக்கில் நின்று மதிப்பு ஏறி ஏறிக் கடைசியில் அறுந்துபோவது இவற்றின் இயல்பு.

கேள்வி: வைஃபை ரவுட்டர் நாளைக்குப் பத்து தடவை தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. அடாப்டரில் மீட்டர் வைத்தால் சரியாக 12 வோல்ட் காட்டுகிறது. அப்படியானால் ரவுட்டர்தானே பழுது? – வாசகர், ஈரோடு

லோடு இல்லாமல் அளந்த 12 வோல்ட்டை நம்பாதீர்கள். 10 ஓம், 20 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அடாப்டரின் முனையில் மாட்டுங்கள். 12 வோல்ட்டில் இது 1.2 ஆம்பியர் இழுக்கும், 14.4 வாட் வெப்பம் வெளியே தள்ளும். ஓட்டுத் துண்டின் மேல் வைத்துச் செய்யுங்கள், கையில் பிடிக்க முடியாது. உங்கள் அடாப்டர் 1.5 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் இந்த லோடை அது சிரமப்படாமல் தாங்க வேண்டும். வோல்ட் 11.5க்கு மேல் நிலையாக நின்றால் அடாப்டர் நல்லது. 9, 10 என்று இறங்கினாலோ, இலக்கம் துள்ளிக்கொண்டே இருந்தாலோ உள்ளே இருக்கும் வெளியீட்டுக் கெபாசிட்டர் காய்ந்துவிட்டது. ஐந்து நிமிடம் லோடில் விடுங்கள், சூடான பிறகு விழும் அடாப்டர்களும் உண்டு.

1 ஆம்பியர் அடாப்டருக்கு 10 ஓம் அதிகம். 15 ஓம் போட்டால் 0.8 ஆம்பியர் வரும். செட்டாப் பாக்ஸ் அடாப்டருக்கும் இதே முறைதான்.

கேள்வி: தலை உப்பிய 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் கெபாசிட்டர் கடையில் கிடைக்கவில்லை. 16 வோல்ட்டில் இருக்கிறது. போடலாமா? – வாசகர், நாகர்கோவில்

தாராளமாக. வோல்ட் கூடலாம், குறையக் கூடாது. மைக்ரோஃபாரட் இருபது, முப்பது சதவீதம் கூடினால் பாதகமில்லை. இரண்டு மடங்காக்கினால் நல்லதுதானே என்று 2200 போடாதீர்கள், கிளம்பும் நேரத்தில் அது ஷார்ட் போலத் தெரிந்து சப்ளை விழுந்துவிடலாம். வாங்கும் முன் உயரத்தையும் குறுக்களவையும் அளந்துகொண்டு போங்கள். எல்.இ.டி. டி.வி.யின் பின்மூடிக்குள் இரண்டு மில்லிமீட்டர் உயரம்கூட இடித்துக்கொள்ளும்.

இவற்றைவிட முக்கியமானது வகை. 105 டிகிரி, லோ இ.எஸ்.ஆர். என்று கேட்டு வாங்குங்கள். சுவிட்சிங் சப்ளையின் செகண்டரியில் நொடிக்குப் பல்லாயிரம் தடவை கரண்ட் உள்ளே போய் வெளியே வருகிறது. கெபாசிட்டருக்குள் இருக்கும் மின்தடை (இதுதான் இ.எஸ்.ஆர்.) சிறிது கூடினாலே அது சூடாகும், சூட்டில் திரவம் வற்றும், வற்றினால் தடை இன்னும் கூடும். ஆம்ப்ளிஃபயருக்கு வைத்திருக்கும் 85 டிகிரி சாதாரணக் கெபாசிட்டரைப் போட்டால் செட் ஓடும், சில மாதம் கழித்து அதே இடத்தில் அதே பழுதோடு திரும்பி வரும்.

சூட்டைக் குறைத்தால் ஆயுள் எவ்வளவு கூடும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று எழுதிய கெபாசிட்டர், 75 டிகிரியில் 16,000 மணி நேரம் தாங்கும். 65 டிகிரியில் 32,000. இரவு பகலாக ஓடும் கருவியில் முதலாவது இரண்டு ஆண்டுக்கும் குறைவு, இரண்டாவது மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். செட்டாப் பாக்ஸை அலமாரிக்குள் துணியால் மூடி வைப்பதும் திறந்த பலகையில் வைப்பதும் ஒன்றா என்று இந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கெபாசிட்டரின் உடம்பில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். போர்டில் நிழலிட்ட பாதி பெரும்பாலும் மைனஸ்தான் என்றாலும் அதற்கு நேர்மாறாக அச்சடித்த மதர்போர்டுகளும் இருக்கின்றன. கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

கேள்வி: கம்ப்யூட்டர் கேபினெட்டின் பின்பக்கத்தை வெறுங்காலோடு தொட்டால் சுர்ரென்கிறது. டெஸ்டரும் எரிகிறது. எஸ்.எம்.பி.எஸ். மாற்றியும் போகவில்லை. – வாசகி, தூத்துக்குடி

எஸ்.எம்.பி.எஸ்.ஸில் பழுதில்லை. வீட்டில் எர்த் இல்லை.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில் ஃபேஸிலிருந்து உடம்புக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து உடம்புக்கு ஒன்று என இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் இருக்கும். ரேடியோ இரைச்சலை எர்த்துக்கு அனுப்புவது இவற்றின் வேலை. எர்த் வயர் அறுந்திருந்தால் இந்த இரண்டுக்கும் நடுவில் கேபினெட் தொங்குகிறது, 230இல் பாதியான 115 வோல்ட் அதில் நிற்கிறது. கரண்ட் மிகக் குறைவு. 4.7 நானோஃபாரட் கெபாசிட்டர்களாக இருந்தால் மூன்றில் ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான். சுர்ரென்று உணரலாம், அதற்கு மேல் போகாது. ஆனால் நாளைக்கு உள்ளே ஏதாவது ஒரு வயரின் இன்சுலேஷன் உரிந்து நேரடியாகக் கேபினெட்டில் பட்டால், காப்பாற்ற எர்த் இல்லை. அதனால் 'பழகிவிட்டது' என்று விட்டுவிடாதீர்கள்.

மூன்று பின் சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். முதலாவது 60, 120 என்று ஏதோ ஒரு நடுத்தர எண்ணைக் காட்டினால் எர்த் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் எர்த் பைப்போடு கம்பி சேரும் போல்ட் அரித்துப் போவது வழக்கம். முதலில் அந்த இடத்தைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சில எலக்ட்ரீஷியன்கள் சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்து 'சரி செய்து' கொடுப்பார்கள். ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் உங்கள் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கேபினெட் எல்லாவற்றின் உடம்பிலும் முழு 230 வோல்ட் வந்து நிற்கும்.

கேள்வி: தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்து, வீட்டில் ஓடிக்கொண்டிருந்த எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டன. எதையெல்லாம் காப்பாற்றலாம்? – வாசகர், விழுப்புரம்

பெரும்பாலும் நிறையவே காப்பாற்றலாம். நியூட்ரல் போனால் இரண்டு வீடுகளின் லோடு இரண்டு ஃபேஸுகளுக்கு நடுவே தொடராக மாட்டிக்கொள்ளும், லோடு குறைந்த வீட்டில் 400 வோல்ட்டை நெருங்கும். அதன் உச்சம் 560க்கும் மேல். கெபாசிட்டர் தாங்குவதோ 400 அல்லது 450. வேரிஸ்டர் இருக்கும் கருவிகளில் அது வெடித்து, ஃபியூஸையும் எரித்து, பின்னால் இருப்பவற்றைக் காப்பாற்றியிருக்கும். உடைந்த நீல வில்லையும் கரியும் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். ஃபியூஸையும் வேரிஸ்டரையும் (14டி471 என்பது வழக்கமான எண்) மாற்றினாலே பல செட்டுகள் எழுந்துவிடும். வேரிஸ்டர் இல்லாமலும் செட் ஓடும்தான், ஆனால் அடுத்த முறை காப்பு இல்லை. பெரிய கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தால் ஓடினாலும் மாற்றியே ஆக வேண்டும்.

கேள்வி: கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. போன வருடம் இப்படி ஆனதில்லை. – வாசகர், மதுரை

முதலில் இன்வெர்ட்டரின் பின்னால் யு.பி.எஸ்./நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சிலவற்றில் நார்மலுக்குப் பதில் ஈகோ என்று இருக்கும். நார்மலில் அது மெதுவாக மாறும். யு.பி.எஸ்.ஸில் வைத்தால் போதும், பாதிப் பேருக்கு இங்கேயே தீர்ந்துவிடும்.

அதில் ஏற்கெனவே சரியாக இருந்தால், உங்கள் 'போன வருடம் இல்லை' என்ற வார்த்தைதான் விடை. மெயின் நின்ற பிறகும் எஸ்.எம்.பி.எஸ். முழு லோடில் ஏறக்குறைய 16 மில்லி விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். அதைத் தருவது அந்தப் பெரிய கெபாசிட்டர். அது வயதாகிக் கொள்ளளவு குறையும்போது மற்ற எல்லா நேரமும் கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடும், இந்த ஒரு கண இடைவெளியில் மட்டும் விழும். 330 என்று எழுதிய கெபாசிட்டர் மீட்டரில் 250க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால் இன்னொரு கஷ்டமும் சேரும். சைன் அலையின் உச்சம் 325 வோல்ட். சதுர அலையின் உச்சம் அவ்வளவு உயராது. கெபாசிட்டர் குறைவாகவே நிரம்பும். அதனால் இன்வெர்ட்டரில் ஓடும்போது கம்ப்யூட்டருக்குக் கையிருப்பும் குறைவு.

கேள்வி: லேப்டாப் 19 வோல்ட், 3.42 ஆம்பியர். கடையில் 19 வோல்ட், 4.74 ஆம்பியர் அடாப்டர் தருகிறார்கள். லேப்டாப் எரிந்துவிடாதா? – வாசகி, சேலம்

எரியாது. ஆம்பியர் என்பது அடாப்டர் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது. லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். முனை ஒன்றாக இருக்கிறதா, வோல்ட் ஒன்றுதானா என்பதைப் பாருங்கள். நடுவில் ஊசி போன்ற மெல்லிய பின் உள்ள அடாப்டர்களில் அந்தப் பின் வழியாகத்தான் லேப்டாப் அடாப்டரை அடையாளம் காண்கிறது. அது முறிந்தால் லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் சார்ஜ் ஆகாது. டைப்-சி அடாப்டர் என்றால் மீட்டர் வைத்து அளக்காதீர்கள். லேப்டாப் மாட்டும்வரை அது வோல்ட்டே வெளியே விடாது, பழுது என்று தவறாக நினைத்துவிடுவீர்கள்.

கேள்வி: டி.வி.யில் சத்தம் வருகிறது, படம் இல்லை. பவர் சப்ளை போர்டு மாற்றச் சொல்கிறார்கள். – வாசகர், காரைக்குடி

பணம் கொடுக்கும் முன் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, திரையில் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பின்னால் இருக்கும் எல்.இ.டி. பட்டைகள்தான் அநேகமாகப் பழுது. எல்லா எல்.இ.டி.களும் தொடராக இருப்பதால் ஒன்று அறுந்தாலும் முழுத் திரையும் இருண்டுவிடும். போட்டதும் ஒரு கணம் வெளிச்சம் வந்து அணைகிறது என்றால் சந்தேகம் இன்னும் உறுதியாகிறது. ஒரு எல்.இ.டி.யை மட்டும் மாற்றாமல் பட்டைகளை முழு செட்டாக மாற்றச் சொல்லுங்கள், மற்றவையும் அதே வயதுதான். மாற்றிய பிறகு மெனுவில் பேக்லைட்டை 100இலிருந்து 60, 70க்கு இறக்கி வைத்துவிடுங்கள்.